மச்சிலிருந்து இறங்கிய பாத்திரங்கள்: எடைக்குக் கொடுத்துவிடலாமா?

மே 3, 2025, காலை. கேள்வி

கேரளத்தில் பாறசாலைப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டை இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் பிரித்து இறக்குகிறோம். மச்சிலிருந்து இறக்கியவை: பெரிய ஓட்டுருளி (வெண்கலத்தில் வார்த்த அகன்ற பாத்திரம்) ஒன்று, சின்னது இரண்டு, வால்கிண்டி (மூக்கு வைத்த செம்பு), கோளாம்பி (எச்சில் படிக்கம்), சங்கிலியில் தொங்கும் விளக்கு, பழுப்புநிறப் பரணி (பீங்கான் ஜாடி) இரண்டு, கண்ணாடி போட்ட சரஸ்வதி படம், தகரப்பெட்டியில் பழைய காசு, ஓலைக்கட்டு ஒன்று, வரிசை வரிசையாகச் சின்னக் குழி போட்ட மரப்பலகை, தந்தச் சிமிழ். பாட்டி காதில் போட்ட பாம்படம் அம்மாவிடம் இருக்கிறது. ஆக்கர் கடைக்காரர் (பழைய சாமான் எடைக்கு வாங்குபவர்) நாளைக்கு வண்டியோடு வருகிறார். பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே எடையாகப் போட்டு எடுத்துக்கொள்வாராம். மாமாவும் சரி என்றுவிட்டார். பழைய பாத்திரத்துக்கு எடையைத் தவிர வேறு விலை உண்டா?

மே 3, 11 மணி

நாளைக்கு வண்டி வர வேண்டாம் என்று இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. மீதியை ராத்திரி எழுதுகிறேன்.

மே 3, இரவு

மார்த்தாண்டத்தில் பாத்திரக் கடையில் பாதி ஆயுள் நின்றவன் நான். எடைக்கு வந்த பழைய உருப்படிகளைச் சாக்கில் கட்டி உருக்க அனுப்பும் வேலையும் அதில் அடக்கம். என்னென்ன போயிற்று என்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் காலையில் அவசரப்படுத்தினேன்.

‘ஒரே எடையாக’ என்று அவர் சொன்னாரே, முதல் நஷ்டம் அங்கேதான். ஓடு, அதாவது வெண்கலம், வேறு, பித்தளை வேறு, செம்பு வேறு. ஓட்டில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு செம்பு, மீதி வெள்ளீயம். வெள்ளீயம் செம்பைவிடப் பல மடங்கு விலை கூடியது. பித்தளையில் செம்போடு சேர்வது துத்தநாகம், அது மலிவு. மூன்றையும் ஒரே தராசில் ஏற்றிப் பித்தளை விலை போட்டால், உருளியில் இருக்கும் வெள்ளீயம் அவருக்கு இனாம்.

பிரித்துப் பார்ப்பது எளிது. உருளியை வெறுந்தரையில் வைக்காமல் ஒரு துணிச் சும்மாட்டின் மேல் வைத்து, விளிம்பில் விரல் முட்டியால் தட்டுங்கள். ஓடு என்றால் ஓசை நீளும். பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். இன்னொரு அடையாளம்: கீழே விழுந்தால் பித்தளையும் செம்பும் நசுங்கும், ஓடு கீறல் விடும். பழைய பாத்திரத்தில் நசுங்கல் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை தெரியும். கீறலுக்கு ஆணி அடித்து ஒட்டுப் போட்டிருந்தால் அதை அசிங்கம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஓட்டுருளி எவ்வளவு அருமையாக இருந்தது என்பதற்கு அந்த ஒட்டே சாட்சி.

எடை விலை என்பது தரை. அதற்குக் கீழே யாரும் கேட்க முடியாது, அவ்வளவுதான் அதன் உபயோகம். மேலே எவ்வளவு என்பதற்கு முதலில் பொருளைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். யாருடையது, எப்போது வந்தது, மச்சில் எங்கே கிடந்தது, கூட என்ன கிடந்தது. மாமாவும் அம்மாவும் இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வையுங்கள். பொருள் எங்கும் ஓடிப்போகாது. விவரம் போய்விடும்.

மே 4

கீழே ஓர் அண்ணன் ‘புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பொன் மாதிரி மின்னும், அப்புறம் போட்டோ போடுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். புளியின் அமிலம் மேல்தோலை எடுத்துவிடும். அந்தக் கருப்பு, அந்தப் பழுப்பு உண்டாக எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அதைவிடப் பெரிய கவலை, பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. இங்கே பழைய குடும்பங்களில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் வைத்துக்கொள்வது அபூர்வம். கல்யாணத்துக்கும் அடியந்திரச் சடங்குக்கும் ஊரெல்லாம் இரவல் போய் வரும் பாத்திரம், திரும்பி வர அடையாளம் வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த புள்ளியை நாமும் தேய்த்தால் போச்சு.

தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். உருளியின் விளிம்புக்குக் கீழே வெளிப்பக்கம், காதுகளுக்கு நடுவில் பாருங்கள். கிண்டிக்கு அடியில். விளக்குக்குத் தண்டில். புள்ளிகளுக்கு நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தடவினால் படியும்.

மே 6

போட்டோ பார்த்தேன். பெரிய உருளியில் இருப்பது கிறுக்கல் இல்லை தங்கச்சி, தமிழ் எண். ௲௯௰௯. ௲ ஆயிரம், ௯௰ தொண்ணூறு, ௯ ஒன்பது. ஆக 1099. இது கொல்லம் ஆண்டு.

கணக்கு இப்படி: கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. அப்படியென்றால் 1099 என்பது 1923 ஆகஸ்டிலிருந்து 1924 ஆகஸ்ட் வரை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதி முழுக்க, அந்தப் பக்கம் கேரளத்திலும் சரி, 1956 நவம்பர் 1க்குப் பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த எங்கள் பக்கத்திலும் சரி, பழைய பாத்திரத்திலோ பத்திரத்திலோ மூன்று இலக்கமோ நாலு இலக்கமோ வந்து 900க்கும் 1130க்கும் நடுவில் நின்றால் முதலில் கொல்லம் ஆண்டா என்று பாருங்கள். ஆங்கில வருஷமாக நினைத்துக்கொண்டு ‘ஆயிரம் வருஷப் பழமை’ என்று விற்க வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வாங்கப் போனவர்களையும்தான்.

அதற்குப் பக்கத்தில் இருப்பது ‘ரா’, பிறகு ௰௮. 18 ராத்தல். ஒரு ராத்தல் 453.6 கிராம். உருளியை இப்போது எடைபோட்டால் எட்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

மே 6, பின்னேரம்

8 கிலோ 50 கிராம். சரியாக இருக்கிறது. கணக்குப்படி 8 கிலோ 165. மீதி நூற்றுச் சொச்சம் கிராம் கரண்டியும் தேய்ப்பும் தின்றது. பாத்திரத்தின் உள்ளே அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், ஓரத்தைவிட வழுவழுப்பாக இருக்கும். புதிதாகச் செய்து பழசாக்கும் உருளிகளில் இந்தத் தேய்மானம் கிடையாது. பச்சைக் களிம்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையில் பழையதில் கை படும் இடமும் அடுப்பில் உட்காரும் இடமும் வேறு வேறு நிறமாக இருக்கும்.

மே 7

மாமா ‘இது தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் மிதந்து வந்து கிடைத்த உருளி’ என்கிறாராம். 1924 ஜூலையில் வந்த அந்தப் பெருவெள்ளம் 1099 கர்க்கடக (ஆடி) மாதத்தில்தான், அது வரைக்கும் பொருந்துகிறது. ஆனால் அதன் பெரிய சேதம் வடக்கேயும் நடுத் திருவிதாங்கூரிலும். எட்டு கிலோ ஓடு மிதக்காது என்பது இன்னொன்று. உங்கள் குடும்பப் பெயர் வேறு வெட்டியிருக்கிறது. மாமா சொன்னதை ‘மாமா சொன்னது’ என்றே எழுதி வையுங்கள், அழிக்க வேண்டாம். அதைச் சாட்சியாக வைத்து விலை மட்டும் பேச வேண்டாம்.

மே 10

குழிப்பலகை. இதற்காகவே கடையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன்.

இட்லித் தட்டு, பல்லாங்குழி, மாத்திரை உருட்டும் பலகை என்று ஆளாளுக்கு ஒன்று எழுதியிருக்கிறீர்கள். குழியின் அளவைப் பாருங்கள். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இட்லிக்கும் ஆகாது, சோழிக்கும் ஆகாது. இது சக்கரம் என்ற பழைய காசை எண்ணும் பலகை.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இருக்காது, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். நெல் விற்ற பணத்தையோ வரிப் பணத்தையோ அதில் எண்ண உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதனால் இந்தப் பலகை. காசை ஒரு பிடி அள்ளிப் பலகையில் கொட்டி, ஒரு ஆட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். எவ்வளவு அழகான கருவி! இதைச் செய்த ஆசாரிக்கு ஒவ்வொரு குழியும் ஒரே ஆழம் வந்தாக வேண்டும். ஆழம் கூடினால் இரண்டு காசு உட்காரும், குறைந்தால் ஒன்றும் நிற்காது.

இதை வீட்டில் வைத்திருந்தது என்றால் உங்கள் காரணவர்களில் (குடும்பத் தலைவர்களில்) யாரோ பணம் கையாளும் வேலையில் இருந்திருக்க வேண்டும். பண்டாரவகை (அரசாங்க) வேலையா, கடையா, வட்டித்தொழிலா என்று கேட்டுப் பாருங்கள். ஆக்கர் கடைக்காரர் விலையே சொல்லாத பொருள் இது. எனக்கு இதுதான் முதலாவது.

மரத்தில் எண்ணெய் தேய்க்க வேண்டாம். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

மே 11

தகரப்பெட்டிக் காசுகள். மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, திருவிதாங்கூர்க் காசு. சங்கு முத்திரை இருக்கும், செம்பில் ஆர்வி என்ற ஆங்கில எழுத்து பின்னியிருக்கும். கடைசி ராஜா காலத்தது என்றால் பிஆர்வி. சிலவற்றில் கொல்லம் ஆண்டு இருக்கும். செம்புக் காசுகள் ஏராளமாகப் புழங்கியவை, தனித்தனியாகப் பெரிய விலை கிடையாது. ஆனால் பலகையோடு சேர்த்து ஒரே வீட்டிலிருந்து வரும் வெள்ளிச் சக்கரங்கள் என்றால் மதிப்பு வேறு. பிரித்து விற்காதீர்கள்.

இரண்டாவது, பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய். 11.66 கிராம். 1939 வரை நூற்றுக்கு 91.7 வெள்ளி, அதாவது ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம். 1940லிருந்து 1945 வரை பாதிக்குப் பாதி, 5.83 கிராம். 1947 ரூபாய் நிக்கல், வெள்ளியே இல்லை. இந்த மூன்றையும் குவித்துப் போட்டு ஒரே விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். விக்டோரியா தலை போட்டு 1862 என்று இருப்பவை நிறைய இருக்கும். அதே வருஷத்தைப் போட்டுப் பல ஆண்டுகள் அடித்துத் தள்ளினார்கள், அதனால் 1862 என்பதற்காக மட்டும் யாரும் கூடுதல் தர மாட்டார்கள். 1939 வெள்ளி ரூபாய் அரிது. அதனாலேயே அதில் போலியும் நிறைய. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் காசு அறிந்த ஆளிடம் காட்டாமல் பேரம் பேசக் கூடாது.

மூன்றாவது, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, மறுபக்கம் 1818, ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்று எழுதியிருப்பவை. கம்பெனி இப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பின்னாளில் செய்து விற்ற வில்லைகள். அதைத்தான் ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றுகிறார்கள்.

காசையும் கழுவாதீர்கள். பற்பசை, பேக்கிங் சோடா, எதுவும் வேண்டாம்.

மே 13

நேற்று தங்கச்சியின் மாமாவுக்கு யாரோ போன் செய்து, மச்சில் கிடைத்த கிண்டியில் ‘இரிடியம்’ இருக்கிறதா என்று பரிசோதிக்க ஆள் அனுப்புகிறேன், பரிசோதனைக்கு முன்பணம் வேண்டும் என்றாராம். இதை நான் மெதுவாகச் சொல்லப் போவதில்லை. அந்த எண்ணைப் போலீஸில் கொடுங்கள். இடி விழுந்த கலசம், அரிசி இழுக்கும் செம்பு, பழைய ரேடியோவிலும் தையல் மெஷினிலும் சிவப்புப் பாதரசம், எல்லாம் ஒரே வலை. இரிடியம் அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. நாகர்கோவில் பக்கமும் நெய்யாற்றின்கரைப் பக்கமும் இதில் வீட்டையும் நிலத்தையும் விட்ட குடும்பங்கள் உண்டு. படித்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள்.

2021ல் கொச்சியில் ஒருவர் கைதானாரே, மோசேயின் கோல், திப்பு சுல்தானின் சிம்மாசனம் என்றெல்லாம் வீடு நிறைய வைத்துக்கொண்டு. அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பெரிய பெயர் சொல்லும் பொருளுக்குத்தான் காகிதம் அதிகமாகக் கேட்க வேண்டும்.

மே 16

சரஸ்வதி படம். கீழே ரவிவர்மா கையெழுத்து இருக்கிறது, அதனால் ‘அசல்’ என்று இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். அவசரம் வேண்டாம்.

ரவிவர்மா 1894ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மாறியது, அப்புறம் ஜெர்மன்காரர் ஒருவர் கைக்குப் போனது. லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி நாடு முழுக்கப் பூஜை அறைக்குள் வந்தன. கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகும். ஆக உங்களிடம் இருப்பது அச்சுப்படம். ஆனால் எந்தக் காலத்து அச்சு என்பதுதான் கேள்வி. பூதக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். சீராக வரிசை கட்டிய நுண்புள்ளிகள் தெரிந்தால் பிற்கால அச்சு, காலண்டர் வகை. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கல்லில் வரைந்தது மாதிரி சிதறித் தெரிந்தால் பழைய கல்லச்சு. கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம். சட்டத்தை நீங்களே கழற்ற வேண்டாம், கண்ணாடியோடு காகிதம் ஒட்டியிருந்தால் முகமே போய்விடும்.

கையால் வரைந்த ரவிவர்மா ஓவியம் என்றால் அது வேறு உலகம். 1979ல் அவர் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்துவிட்டார்கள், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அச்சுப்படத்துக்கு அந்தப் பெயர் இல்லை. ஆனாலும் பழைய கல்லச்சு என்றால் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருகிறார்கள். சிலதில் புடவைக்குச் சரிகையும் மணியும் ஒட்டி அலங்கரித்திருப்பார்கள். உங்கள் படத்தில் வீணைப் பக்கம் மின்னுவது அதுவாக இருக்கலாம். அதைத் துடைக்காதீர்கள்.

மே 17

சிமிழ். இதை எழுதத் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் கேட்கப் பிடிக்காத பதில்.

திருவிதாங்கூர் தந்த வேலைக்குப் பேர் போனது, இங்கே பழைய வீடுகளில் ஒரு சிமிழோ சீப்போ இருப்பது ஆச்சரியம் இல்லை. ஆனால் தந்தத்துக்கு இன்று விலை என்று ஒன்று கிடையாது, இருக்கவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986ல் செய்த திருத்தத்தோடு நம் யானைத் தந்த வியாபாரம் நின்றது, 1991ல் ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்ந்தது. உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். மரபுரிமையாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். பாட்டி எப்போது காலமானார், முன்னால் யாராவது சான்று வாங்கியிருக்கிறார்களா என்று பத்திரங்களில் தேடுங்கள். இல்லை என்றால் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போவதுதான் வழி. படத்தை இங்கிருந்து எடுத்துவிடுங்கள். ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று தனியாகச் செய்தி அனுப்பும் யாருக்கும் பதில் சொல்லாதீர்கள். சங்கிலியில் கோத்த புலிநகத்துக்கும் யானைவால் மோதிரத்துக்கும் இதே கதிதான். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அது தந்தம்தானா என்று பார்க்க வேண்டும். மாட்டெலும்பில் செய்தவையும் நிறைய. எலும்பில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளியும் கோடும் தெரியும். தந்தத்தின் குறுக்கு வெட்டில் இரண்டு பக்கமும் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

மே 21

பத்திரக்கட்டைப் பிரித்தார்களாம். கொல்லம் 1104ல் எழுதிய பாகப்பத்திரம்! அதில் பாத்திர வகை என்று தனிப் பட்டியல், ‘ஓட்டுருளி பெரிது 1க்கு தூக்கம் ராத்தல் 18’. தூக்கம் என்றால் எடை. வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உருளியிலும் அதே எடை, அதே குடும்பப் பெயர், அதற்கு ஐந்து வருஷம் முந்திய தேதி. இனி இந்த உருளிக்கு ஒரு பிறப்புச் சான்றே இருக்கிறது.

மருமக்கள்வழிக் குடும்பங்களில், அதாவது சொத்து மருமகனுக்குப் போகும் குடும்பங்களில், அந்தச் சமயத்தில் பாகப்பத்திரம் நிறைய எழுதியிருப்பார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு 1101ல், அதாவது 1926ல், தனிச்சட்டம் வந்தது. அதன் பிறகு காரணவர் கையில் மொத்தமாக இருந்த சொத்து பிரிய ஆரம்பித்தது. நிலத்துக்காக மட்டும் அந்தப் பத்திரங்களைப் புரட்டுகிறோம். பின்பக்கத்தில் கட்டில், பத்தாயம், வார்ப்பு, விளக்கு என்று வீடு முழுக்க இருக்கும். தயவுசெய்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன். ஆக்கர் கடை விலை ஒன்று. மான்னாரில் இன்றைக்கு வார்க்கும் புது ஓட்டுருளிக்குக் கிலோ என்ன விலை என்று கடையில் கேளுங்கள், அது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். கீறல் இல்லாத பழைய உருளிக்குப் பேரம் புது உருளி விலையில் தொடங்க வேண்டும், ஆக்கர் விலையில் அல்ல. அதற்கு மேலே, ரிசார்ட்டுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் வாங்கிக் கொடுப்பவர்கள் தரும் விலை. அவர்களுக்குப் பூ மிதக்கவிட ஒரு உருளி வேண்டும், எழுத்தும் தேதியும் அவர்களுக்குப் பொருட்டில்லை. கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத்தெருக் கடைகள் வரை போனால் எழுத்துக்கும் பத்திரத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அங்கே கண்ணாடிக்குள் எழுதியிருக்கும் விலை உங்கள் கைக்கு வரும் விலை அல்ல, கடை வாடகையும் வருஷக்கணக்கில் காத்திருப்பதும் அதில் சேரும்.

எனக்கு விற்கவே மனசில்லை. உங்கள் வீடு, உங்கள் முடிவு. விற்றால் உருளியையும் பத்திரத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மே 22

‘புளி போட்டுத் தேய்க்காதே’ என்று சொன்னதை நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய உருளிக்கும் விளக்குக்கும் அது சரி. சின்ன உருளி இரண்டிலும் எழுத்து இல்லை, தேதி இல்லை, அம்மா பாயசம் வைக்க ஆசைப்படுகிறார். அவற்றைத் தாராளமாகக் கழுவி அடுப்பில் ஏற்றுங்கள். ஓட்டுக்கு ஈயம் பூசத் தேவையில்லை. பித்தளைப் பாத்திரம் என்றால் ஈயம் பூசாமல் புளியோ மோரோ ஊற்றக் கூடாது. காலியாக அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஓடு விண்டுவிடும்.

மே 25

மழை முந்திவிட்டது, நேற்றே கேரளத்தில் தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். பொருள்களைத் தார்ப்பாய்க்குள் மூடிக் கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். மரமும் ஓலையும் காற்றோட்டம் உள்ள அறைக்குப் போகட்டும், தரையில் வேண்டாம்.

துபாயில் இருக்கும் தம்பி உருளியை எடுத்துப்போகக் கேட்கிறாராம். நில்லுங்கள். 1972 தொன்மைப்பொருள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய கலை, கைவினைப் பொருள் அதற்குள் வரலாம், ஏடுகளுக்கு 75 வருஷம். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் உருளி நாமே கணக்குப் போட்டபடி நூறு தாண்டிவிட்டது. விமான நிலையத்தில் பிடித்தால் பதில் சொல்வது கஷ்டம். தொல்லியல் துறையிடம் காட்டி, தொன்மைப்பொருள் அல்ல என்று அவர்கள் சான்று தந்தால்தான் போகலாம். சின்ன உருளி ஒன்றை எடுத்துப்போகச் சொல்லுங்கள், அதற்கும் கேட்டுவிட்டு.

இதே சட்டத்தில் கல், உலோகம், தந்தம், மரம் இவற்றில் செய்த சிற்பங்களையும் ஓவியங்களையும் படம் வரைந்த ஏடுகளையும் பதிவு செய்ய வேண்டும். பாவை விளக்கு வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். பாவை என்றால் உருவம், சிற்பக் கணக்கில் வரலாம், நூறு வருஷம் என்றால் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

மே 31

பாம்படம். அம்மா நகைக்கடையில் காட்டினார், கருவி வைத்துப் பார்த்து 22 காரட் என்றார்கள், எடை போட்டுப் பவுன் கணக்குச் சொன்னார்கள். இரண்டும் பாதி உண்மை. அந்தக் கருவி மேல்தோலை மட்டும் படிக்கும். பாம்படம் உள்ளே கூடு, அரக்கு நிரப்பியது. மொத்த எடையில் அரக்கு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று உருக்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது. விற்பவருக்கு எடை கூடித் தெரியும், கடைக்காரர் அரக்குக்கு என்று ஒரு தொகையைத் தன் இஷ்டத்துக்குக் கழிப்பார். விற்றே ஆகவேண்டும் என்றால் அரக்கை உங்கள் கண்முன்னே இறக்கி எடைபோடச் சொல்லுங்கள். ஆனால் இறக்கிய பிறகு அது பாம்படம் இல்லை. இன்று அந்த வேலை செய்யக் கை மிகக் குறைவு. அம்மா வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அவர் கட்சி.

ஹால்மார்க் முத்திரை இல்லாத பழைய நகையை வீட்டுக்காரர் கடைக்கு விற்கத் தடை இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் கட்டாயம் கடைக்காரர் நமக்கு விற்கும்போதுதான்.

ஜூன் 4

விளக்கைப் பற்றி இரண்டு நாளாக ஒரு வரியும் எழுதவில்லை, எழுத்து முழுதாகப் படிய வேண்டும் என்று காத்திருந்தேன். தண்டில் குடும்பப் பெயர் இல்லை. ஊர்ப் பெயரும் ‘அம்மன் வகை’ என்பதும் இருக்கிறது. இது யாரோ அம்மனுக்குக் கொடுத்த விளக்கு. பராமரிக்கவோ ரிப்பேருக்கோ வீட்டுக்கு வந்து தங்கியிருக்கலாம், ஊட்டு என்னும் கோயில் விழாவுக்குக் காரணவர் பொறுப்பில் இருந்திருக்கலாம். பாகப்பத்திரத்திலும் இந்த விளக்கு இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். இதற்கு விலை பேச வேண்டாம் தங்கச்சி. கோயில் இன்னும் இருக்கிறதா, யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஜூன் 6

மாமாவே கோயிலுக்குப் போய்ப் பேசினாராம். சந்தோஷம். கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், எழுத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

ஜூன் 9

ஓலைக்கட்டு. கயிற்றை அவிழ்த்தால் வரிசை கலையும். அவிழ்க்கும் முன் நாலு பக்கமும் படம். உடையும் ஓலையை வளைக்காதீர்கள். மஞ்சளும் எண்ணெயும் கையில் வந்தபடி பூச வேண்டாம். புல்தைலம் பூசுவது, கரி தேய்த்து எழுத்தை எழுப்புவது எல்லாம் பழகியவர் செய்ய வேண்டியது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அவர்களிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வைத்தியமோ, வில்லுப்பாட்டோ, வெறும் கடன் கணக்கோ, எதுவானாலும் சரி. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்ததால்தான் நாஞ்சில் நாட்டு வரியும் பஞ்சமும் நமக்குத் தெரிய வந்தன. அவையும் ஒரு வீட்டில் கட்டாகக் கிடந்தவைதான். சக்கரப் பலகை வைத்திருந்த வீட்டில் கணக்கோலை இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று விளக்கும். அதனால்தான் சொல்கிறேன், பலகையை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஜூன் 15

பரணிகளுக்கு அடியில் முத்திரை எதுவும் இல்லை என்கிறீர்கள். அடி மட்டும் மெருகு பூசாமல் கரகரப்பாக, கழுத்தில் கயிறு கட்டும் காதுகளோடு இருந்தால் கப்பலில் வந்த சீனப் பரணியாக இருக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய் அங்கே வைத்திருக்கும் பெரிய பரணிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தக்கலை எங்கள் மாவட்டம் என்றாலும் அரண்மனையைப் பார்ப்பது உங்கள் கேரளத் தொல்லியல் துறைதான், அங்கேயே கேட்கலாம். இரண்டு பரணியிலும் ஊறுகாய் போட்டால் கெட்டுப்போகுமா என்று அம்மா கேட்டிருக்கிறார். உள்மெருகு விண்டிருந்தால் போட வேண்டாம், இல்லையென்றால் உப்புமாங்காய் போடட்டும்.

மழை விட்டதும் கூரை ஓடு இறக்குவீர்கள். ஓட்டின் உள்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். 1865ல் மங்களூரில் தொடங்கிய பாசல் மிஷன் ஓடா, கொல்லத்து ஓட்டுக் கம்பெனியா என்று வகைக்கு ஒன்று எடுத்து வையுங்கள். மிச்சத்தை உடைக்காமல் அடுக்கச் சொல்லுங்கள், முழு ஓட்டுக்கு ஆள் வரும். முன்வாசல் கதவின் பூட்டை மட்டும் கதவோடு கழற்றச் சொல்லுங்கள், தனியாகப் பெயர்த்தால் மரம் பிளக்கும்.